பவுனை மாற்றிக் கட்டிய மதியம்

படுத்திருக்கிற மாட்டை எழுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டு கோகிலா அக்கா பாத்திரம் விளக்கப் போய்விட்டாள். "அதுவா எந்திரிக்கட்டும் கண்ணு. மூணு மணிக்குத் தண்ணிக்கு எந்திரிக்கும். முன்னாடியே எழுப்பி உட்டா பொழுதோட கறக்கறப்ப பால் இறக்காது." சரிங்கக்கா என்று மோகனப்பிரியா கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியின் மேல் உட்கார்ந்தாள். மணி இரண்டு பத்து. இன்னும் ஐம்பது நிமிடம். ஐம்பது நிமிடம் என்பது ஒரு பீரியட், ஒரு பீரியடை உட்கார்ந்தே கழித்துவிடலாம், நாலு வருடமாக அதைத்தானே செய்தாள். எதிரே பவுனு முன்னங்கால்களை மடக்கிப் போட்டு, கண்ணைப் பாதி மூடி, அசை போட்டுக்கொண்டிருந்தது. தாடை இடமிருந்து வலம் போகும், நிற்கும், தொண்டையில் ஏதோ ஒன்று உருண்டு மேலே வரும், மறுபடி இடமிருந்து வலம். அதற்கு நாளை வைவா என்கிற வாய்மொழித் தேர்வு இல்லை. நாளை பத்து மணிக்கு வெளிக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து உட்காருவார், யாரென்று தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, கருநீல ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்துப் போட்ட மூன்று பிரதிகளில் ஒன்றை அவர் முன்னால் வைக்க வேண்டும். மூக்கு ரேகையைக் கொண்டு கறவை மாடுகளை அடையாளம் காணும் செல்போன் செயலி. செய்தவர்கள் மோகனப்பிரியா, ரிஸ்வானா. வழிகாட்டி பாஸ்கரன் சார், கையெழுத்துப் போட்டாயிற்று, துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டாயிற்று. எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு இவள் எதற்காக இங்கே ஒரு மாடு எழுந்திருப்பதற்குக் காத்துக் கொண்டிருக்கிறாள்? கோகிலா அக்காவிடம் இன்னும் நாலு போட்டோ வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். அது பொய் இல்லை. ஆனால் எங்கே வைத்து எடுக்கப்போகிறாள் என்பதைச் சொல்லவில்லை. நாலு போட்டோவை இங்கேயே, இந்த நீலச் சுவருக்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாலும் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

நீலச் சுவர். ஆறு மாதமாக வந்து போகிறாள், நேற்று வரைக்கும் அந்தச் சுவரை அவள் பார்த்ததே இல்லை. போன வருடப் பொங்கலுக்கு வீட்டுக்கு அடித்ததில் மிச்சமிருந்த பெயிண்டை அக்கா மாடு கட்டுகிற கட்டுத்தரைச் சுவருக்கும் இழுத்துவிட்டிருந்தாள், கைக்கு எட்டின உயரம் வரைக்கும் நீலம், அதற்கு மேல் வெறும் செங்கல். முப்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு மாடு, மாட்டுக்கு நாற்பது போட்டோ. ஒவ்வொரு மாட்டையும் அதனதன் கட்டுத்தரையில், அதனதன் முளைக்குச்சியில் கட்டியபடியே எடுத்தார்கள். வேறெங்கே எடுப்பது? மாடு அங்கேதான் இருந்தது. அந்த நாற்பதில் முப்பத்திரண்டைக் கம்ப்யூட்டருக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள், மிச்சம் எட்டை வைத்துப் பரீட்சை வைத்தார்கள். தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு சதவீதம். அந்த எண் திரையில் வந்த அன்று ரிஸ்வானா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள், கேன்டீனில் இருவரும் முட்டை பப்ஸ் சாப்பிட்டார்கள், பாஸ்கரன் சார் "இனி இதுல கை வெக்காதீங்க" என்றார். யாரும் கை வைக்கவில்லை. நேற்று மதியம் வைவாவுக்கு ஒத்திகை பார்க்கும்போது, போனிலிருந்து ஏதாவது ஒரு போட்டோவைக் கொடுத்துப் பார்ப்போம் என்று இவள் விரல் போன போக்கில் ஒன்றைத் தொட்டாள். அது தவறுதலாக எடுத்த போட்டோ, பாடத்திலும் பரீட்சையிலும் சேர்க்காமல் ஒதுக்கியது. பவுனு தண்ணீர்த் தொட்டிக்குள் மூஞ்சியை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, மூக்கே தெரியவில்லை, இரண்டு காதும் நெற்றியும் பின்னால் சுவரும் மட்டும். பவுனு, தொண்ணூற்றொன்பது சதவீதம் என்றது செயலி. ரிஸ்வானா சிரித்துவிட்டாள், "செம்ம அறிவுடி இதுக்கு!" இவளும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது வாய் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மூக்கே இல்லாத போட்டோவில் மூக்கு ரேகையை எங்கிருந்து படித்தது? ரிஸ்வானா இவள் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அந்த போட்டோவ டெலிட் பண்ணிரு" என்றாள்.

டெலிட் பண்ணியிருந்தால் இன்றைக்கு வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கலாம். பண்ணினாலும் பார்த்தது போகாதே. பார்த்ததை எங்கே கொண்டுபோய் டெலிட் பண்ணுவது. ஒருவேளை காதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நெற்றியில் இருக்கிற வெள்ளைச் சுழியைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், அப்படியென்றால்கூடப் பரவாயில்லை, மாட்டைத்தானே பார்த்தது. சுவரைப் பார்த்திருந்தால்? பவுனு என்பது அதற்கு ஒரு மாடே இல்லை, ஒரு நீலம். ஆறு மாதமாக ஒரு நீலத்துக்குப் பவுனு என்று பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பவுனு காதை ஆட்டியது, ஈ எழுந்து ஒரு வட்டம் போட்டு அதே காதில் உட்கார்ந்தது. பருத்திக்கொட்டை அரைத்த வாடையும் நனைந்த வைக்கோல் வாடையும் வெயிலில் கலந்து வந்தன, இந்த வாடை துப்பட்டாவில் ஏறிவிடும், போன மாதம் பஸ்ஸில் ஒரு பெண் மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தாள். அறிக்கையின் மூன்றாவது அத்தியாயத்தில் கருதுகோள் என்று ஒரு பத்தி இருக்கிறது. மாட்டின் மூக்கு ரேகை மனிதரின் கைரேகைபோல ஒவ்வொன்றுக்கும் தனித்தன்மை உடையது, அதைக் கொண்டு மாட்டை அடையாளம் காண முடியும் என்று நாங்கள் கருதினோம். எப்போது கருதினோம்? முடிவு வந்து பதினைந்து நாள் கழித்து, போன வருடத்து சீனியர்களின் அறிக்கையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் எங்கே கருதினார்களோ அங்கே நாங்களும் கருதினோம். முதலில் நினைத்து, பிறகு சோதித்து, பிறகு அறிந்ததுபோல எழுதியிருக்கிறது. நடந்தது தலைகீழ்.

தலைகீழாக எழுதுவது இவளுக்குப் புதிது இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வில், உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள், ஆய்வக உதவியாளர் அண்ணன் பக்கத்தில் வந்து சோதனைக் குழாயை நகர்த்துவதுபோல நின்று உப்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். பெயர் தெரிந்ததும் மற்றதெல்லாம் கையிலிருந்தே வந்தது, சோதனை, காண்பன, அறிவன, மூன்று கட்டமும் மனப்பாடம். வெண்ணிற வீழ்படிவு தோன்றுகிறது. எழுதினாள். வீழ்படிவு. அந்தச் சொல்லை எவ்வளவு அழகாக எழுதினாள், வீ-க்குச் சுழி போட்டு. குழாயில் ஒன்றும் தோன்றவில்லை, அவள் அதில் எதையும் ஊற்றவே இல்லை. முழு மதிப்பெண். காண்பன என்று மேலே எழுதிவிட்டுக் காணாமலேயே எழுதினாளே, அதில் அப்போது ஒரு குறுகுறுப்புகூட இல்லை. இப்போது மட்டும் ஏன் விட முடியவில்லை. அம்மா மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறாளோ. அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பதினாலு வருடமாக ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டையும் கறையும் தேடுகிற வேலை. கல்யாண வீட்டில் யாராவது புதுப் புடவையைக் காட்டினால்கூட அம்மாவின் கை அதை வெளிச்சத்துக்குத் தூக்கிவிடும். ஒரு தடவை ஒரே லாட்டில் அறுபது பீஸை அம்மா தள்ளிவிட்டாள், சூப்பர்வைசர் வந்து, கன்டெய்னர் நாளைக்குக் கிளம்பணும், நீ என்னம்மா இன்னைக்குப் போய்க் கண்ணாடி போட்டுட்டுப் பாக்கற என்று கத்தினானாம். வீட்டுக்கு வந்து அம்மா அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஓட்டை இருந்துச்சு, நான் என்ன பண்ணட்டும்" என்றாள், அவ்வளவுதான், வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ரோட்டில் ஹாரன் கேட்டது. இரண்டு நாற்பது பஸ். ஓடினால் பிடித்துவிடலாம், வேலி தாண்டி நூறு அடி. அதில் ஏறினால் மூன்றரைக்கு வீடு, தலைக்குக் குளித்துவிட்டு, நாளைக்குக் கட்டுவதற்குப் புடவையை அயர்ன் பண்ணலாம். அந்த வெளி ஆள் என்ன கேட்டுவிடப் போகிறார், எந்தக் கணினி மொழியில் எழுதினீர்கள், மாடலில் எத்தனை அடுக்கு வைத்தீர்கள், எதிர்காலத்தில் என்ன செய்வீர்கள். சுவரைப் பற்றி யார் கேட்பார்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்பது பயமாக இருந்தது. கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தைவிட இது வேறு மாதிரி, அடியில் எங்கோ குளிர்ச்சியாக இருந்தது. ரிஸ்வானாவுக்கு ஜூலையில் வேலை, சென்னையில், இந்த செமஸ்டரில் ஒரு பாடம் போனாலும் வேலைக்கு வந்த ஆர்டர் செல்லாது. அவள் வாப்பா அந்தக் கடிதத்தை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார். இவளுக்கும் அதே ஜூலைதான். இன்றைக்கு மாடு இடம் மாறி நின்றும் செயலி பவுனு என்றே சொல்லிவிட்டால்? அப்படியும் நடக்கலாம் அல்லவா. நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள வாய் வரை வந்தது, வேண்டிக்கொள்வது இதில் சேர்த்தியா என்று தெரியவில்லை, சோதனை செய்கிறவள் ஒரு பக்கம் வேண்டிக்கொள்ளலாமா. ஈ மூன்றாம் தடவை அதே காதில் உட்கார்ந்தது. பஸ் நின்று, யாரையோ இறக்கி, போய்விட்டது. சத்தம் முழுதும் அடங்கிய பிறகுதான் இவள் மூச்சு விட்டாள். மூன்று மணிக்கு, அக்கா சொன்னபடியே, பவுனு பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்னங்காலை ஊன்றி, ஒரு பெருமூச்சோடு எழுந்து நின்றது.

கோகிலா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இனிச் சொல்லித்தான் ஆக வேண்டும். "அக்கா, பவுன அவுத்துட்டுப் போயி ஈஸ்வரியக்கா கட்டுத்தரைல கட்டி போட்டோ எடுக்கணுங்க்கா. அவங்க மாடு சித்திரைய இங்க கட்டணும்."

"எதுக்குக் கண்ணு? இங்கயே எடுக்கறதுதான?"

"இங்க எடுத்தா பவுனுன்னு கரெக்டா சொல்லுது. வேற எடத்துல நின்னாலும் சொல்லுதான்னு பாக்கணும்."

"அதெப்படிச் சொல்லாம இருக்கும். எங்க நின்னாலும் அது பவுனுதான." அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. போனைக் காட்டினால் போன் தன் மாட்டின் பெயரைச் சொல்கிறது என்று பால் ஊற்றுகிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், காதில் போட்ட எண் பட்டை அறுந்து விழுந்தாலும் இனி தடுப்பூசிக் கணக்கு குழம்பாது என்று இவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்வாள். மோகனப்பிரியா தரையைப் பார்த்தாள். அக்கா கயிற்றை அவிழ்த்தாள்.

பக்கத்து வீடு இருபது அடிதான். பவுனு அந்த இருபது அடியை நடந்து வந்து ஈஸ்வரி அக்காவின் வாசலில் ஊன்றி நின்றுகொண்டது. உள்ளே பச்சை நிழல்வலை, ஹாலோ பிளாக் சுவர், வேறு மாட்டின் வாடை. ஈஸ்வரி அக்கா தூக்கக் கலக்கத்தோடு வந்து, "என்னடி கோகிலா, எம் மாட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தியா?" என்றாள். "நீ மொதல்ல கொஞ்சம் தவுடு கொண்டா, இது உள்ள வரமாட்டேங்குது" என்றாள் கோகிலா அக்கா. தவிட்டு வாளியைப் பார்த்ததும் பவுனு இரண்டு அடி வைத்தது, பிறகு இரண்டு. முளைக்குச்சியில் கட்டினார்கள். சித்திரையை ஈஸ்வரி அக்கா அவிழ்த்துக்கொண்டு நீலச் சுவருக்குப் போனாள், அது எதுவும் கேட்காமல் போய் பவுனின் மிச்சத்தைத் தின்ன ஆரம்பித்தது. இரண்டும் செவலை, இரண்டும் ஜெர்சிக் கலப்பு. மோகனப்பிரியா போனை எடுத்தாள். எப்போதும் எடுக்கிற தூரம், எப்போதும் எடுக்கிற உயரம், இதில் எதையும் மாற்றக்கூடாது, இடத்தை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதையும் சேர்த்து மாற்றிவிட்டால் எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, அல்லது ஒன்பதாம் வகுப்பில் சொல்லித்தந்து பரீட்சையோடு போயிருக்கும். முதல் போட்டோ. திரையில் வட்டம் சுற்றியது. சித்திரை, தொண்ணூற்றேழு. இரண்டாவது, சித்திரை. மூன்றாவதற்குப் பவுனு நேராக நிமிர்ந்து பார்த்தது, மூக்கு துல்லியமாக விழுந்தது, ஈரத்தோடு, வரி வரியாக. சித்திரை, தொண்ணூற்றெட்டு. பத்துப் போட்டோ எடுத்தாள், பத்தும் சித்திரை. அந்தப் பக்கம் போய் நீலச் சுவருக்கு முன்னால் தவிடு ஒட்டிய வாயோடு நின்ற சித்திரையை எடுத்தாள். பத்தில் பத்தும் பவுனு.

அழுகை வரவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது. உள்ளே நேற்று மதியத்திலிருந்து யாரோ பிடித்து வைத்திருந்த ஒன்றை விட்டுவிட்டதுபோல் இருந்தது, தோள் இறங்கியது, வெயில் அடிப்பது தெரிந்தது, தாகம் எடுப்பது தெரிந்தது. இத்தனை நாளில் அந்தச் செயலி சொன்னதில் முதல்தடவையாக ஒன்று இவளுக்குப் புரிந்தது. வேலிக்கு வெளியே வந்து ரிஸ்வானாவைக் கூப்பிட்டாள். மாற்றிக் கட்டியதையும், பத்துக்குப் பத்து என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது.

"லூசாடி நீ," என்றாள் ரிஸ்வானா கடைசியில். "நாளைக்குப் பத்து மணிக்கு வைவா. நேத்தே டெலிட் பண்ணச் சொன்னேன்ல."

"சொன்ன."

"இப்ப என்ன பண்ணப்போற?"

"நடந்ததச் சொல்லலாம்னு இருக்கேன். ரெண்டு பேர் புராஜெக்ட், நீ வேண்டாம்னா..." வேண்டாம் என்றால் என்ன செய்வாள் என்று ஐம்பது நிமிடத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

மறுபடி குக்கர். ரிஸ்வானா மூக்கை உறிஞ்சினாள், அழுகிறாளா சளியா என்று தெரியவில்லை. "எனக்கு நேத்தே தெரியும்டி," என்றாள். "வீட்டுக்கு வந்து சாப்பிடவே முடியல. என் போன்லயும் அந்த போட்டோ இருந்துச்சு, அத அழிச்சேன், அழிச்சிட்டு மறுபடி எடுத்து வெச்சேன்." பிறகு, குரல் மாறி, "எத்தன மாட்ட மாத்திக் கட்டின?"

"ரெண்டு."

"ரெண்டு மாட்ட வெச்சு என்னத்தடி சொல்லுவ? அந்த எக்ஸ்டர்னல் சிரிக்கமாட்டாரு? குறைஞ்சது ஒரு பத்து மாடாவது வேணும். அங்க வர்றதுக்கு அடுத்த பஸ் எப்ப?"

"மூணு நாப்பதுக்கு ஒண்ணு இருக்கு."

"நான் வர்ற வழில சாருக்குச் சொல்லிடறேன். நீ சொன்னா திட்டுவாரு, நான் சொன்னா கொஞ்சமாத் திட்டுவாரு. அதுக்குள்ள அக்காங்ககிட்டப் பேசி வை." வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது கோகிலா அக்கா பவுனை அவிழ்த்து நீலச் சுவருக்கே கூட்டி வந்திருந்தாள். போன் சொன்னதை மோகனப்பிரியா மறைக்காமல் சொன்னாள். அது மாட்டைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்திருக்கிறது, நிழல்வலையைப் பார்த்திருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. அக்காவின் முகம் சுருங்கியது. யார் யாரிடமெல்லாம் சொன்னோம் என்று நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "மன்னிச்சுக்குங்க்கா" என்றாள் இவள். "நீ என்ன பண்ணுவ," என்ற அக்கா கொஞ்சநேரம் பவுனின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றாள். "எம் மாட்ட எனக்குத் தெரியும். உம் போனுக்குத்தான் தெரியல." பால் கறந்து முடித்ததும் அந்த வரிசையிலிருக்கிற நாலைந்து வீட்டில் தானே பேசுவதாகச் சொன்னாள், "என்னமோ பரீட்சையாமா, மாட்ட மாத்திக் கட்டோணுமாமான்னா கட்டிட்டுப் போறாளுக." பிறகு, எதையோ விட்டுவிட்டவள்போல, திரும்பி நின்று கேட்டாள்.

"அப்ப கண்ணு, மூக்குல ரேகை இருக்குது, மாட்டுக்கு மாடு மாறும்ன்னீங்களே, அது நெசமா பொய்யா?"

நெசந்தாங்க்கா என்று வாய் திறந்தாள். நெசம் என்று எங்கெங்கோ எழுதியிருக்கிறது, அறிக்கையின் இரண்டாவது அத்தியாயத்தில் அதற்குப் பதினேழு மேற்கோள் கொடுத்திருக்கிறார்கள். மூடிக்கொண்டாள்.

"தெரியலீங்க்கா," என்றாள். "நாங்க இன்னும் பாக்கல."

சொல்லிவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு பவுனின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். போனை வாளியின் மேல் வைத்துவிட்டாள். பவுனு தலையைத் தாழ்த்தி அவள் நெற்றியை முகர்ந்தது, சூடாக மூச்சு விட்டது. அவ்வளவு பக்கத்தில் அந்த மூக்கு கறுப்பாக இல்லை, சாம்பலும் ரோஜாவும் கலந்த ஏதோ ஒரு நிறம். நடுவிலிருந்து ஒரு பள்ளம் கீழே இறங்கியது, அதற்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மேடுகள், சில உருண்டை, சில நீளம், ஒன்றையொன்று தொடாமல். ஒவ்வொரு மேட்டிலும் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. இடப்பக்கம் மூன்றாவது வரியில் இரண்டு மேடுகள் சேர்ந்து ஒன்றாகியிருந்தன. அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து அதை வரையத் தொடங்கினாள். பிறகு எழுந்து, அதே இடம் சித்திரையின் மூக்கில் எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போனாள்.